விரைக்குள் ஒரு வயல்

ஆணை விதை என்றும் பெண்ணை நிலம் என்றும் பேசிப் பழகியவர்கள் நாம். விளைச்சல் இல்லையென்றால் பழி நிலத்தின் மேல்தான் விழும். ‘மலடி’ என்ற சொல் புழங்கிய அளவுக்கு ‘மலடன்’ புழங்கியதில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆணின் பக்கமும் காரணம் உண்டு என்று மருத்துவர்கள் சொல்லச் சொல்ல, அந்தப் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் உவமை மட்டும் மாறவில்லை. ஆணைப் பரிசோதிப்பது என்றால் இன்றும் விந்தணுவை எண்ணுவது, அது நீந்துகிறதா என்று பார்ப்பது. அதாவது, விதையைப் பார்ப்பது. அந்த விதை விளைகிற வயல் ஒன்று ஆணின் விரைக்குள்ளேயே இருக்கிறது. அதன் கதையைக் கேட்காமல் குறை எங்கே என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்த வயலுக்கு செர்டோலி செல்கள் என்று பெயர். 1865-இல் என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலிய இளைஞர் இவற்றை விவரித்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. விரைக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழல்களின் சுவரில் நின்றபடி, வளரும் விந்தணுக்களைத் தம் மடிப்புகளில் ஏந்திக்கொள்பவை இவை. ஊட்டுவதும் மிச்சக் கழிவை விழுங்குவதும் இவற்றின் வேலை. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பாற்றல் செல்கள் விந்தணுவை அந்நியன் என்று தாக்கிவிடாதபடி மதில் எழுப்புவதும் இவையே. ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகிறது. ஒரு செர்டோலி செல்லால் இத்தனை பிள்ளைகளைத்தான் வளர்க்க முடியும் என்ற வரம்பும் உண்டு. பருவம் எய்தியபின் இவை பெருகுவதில்லை. ஆக, மீசை அரும்புவதற்கு முன்பே ஒருவனுடைய விளைச்சலின் உச்ச அளவு பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் சில வாரங்கள் மட்டும் தைராய்டு ஹார்மோனைக் குறைத்துப் பார்த்தார்கள். செர்டோலி செல்கள் முதிர்வதற்குத் தாமதமானது, அதுவரை பெருகிக்கொண்டே இருந்தன. வளர்ந்தபின் அந்த எலிகளின் விரைகள் பெரிதாயின, விந்தணு உற்பத்தியும் கூடியது. முதிர்ச்சி சீக்கிரம் வருவது நல்லது என்ற நம் பொதுப்புத்தி இங்கே செல்லுபடியாகாது.

ஒரு செல் செர்டோலி செல்லாக ஆவது எப்படி? எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான். எது விழித்திருக்கிறது, எது உறங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. 1990-இல் ஒய் குரோமோசோமில் எஸ்ஆர்ஒய் என்ற மரபணுவைக் கண்டார்கள். மறு ஆண்டே லண்டன் ஆய்வாளர்கள் அதைப் பெண் எலிக்கருவில் புகுத்த, அது விரைகளோடு ஆணாக வளர்ந்தது. (ஆனால் அதற்கு விந்தணு உண்டாகவில்லை; இரண்டு எக்ஸ் குரோமோசோம்களோடு விந்தணு விளையாது.) எஸ்ஆர்ஒய் சாக்ஸ்9 என்ற மரபணுவை எழுப்பிவிட, கருவில் திசை தெரியாமல் நின்ற செல் செர்டோலி செல்லாகிறது. அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். 2011-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், வளர்ந்த ஆண் எலியின் செர்டோலி செல்லிலிருந்து டிஎம்ஆர்டி1 என்ற ஒரே மரபணுவை நீக்கினார்கள். உறங்கிக் கிடந்த பெண்பால் மரபணுக்கள் விழித்தன; செல்கள் சூலகச் செல்களின் சாயலுக்கு மாறத் தொடங்கின. செர்டோலி செல்லின் அடையாளம் ஒருமுறை வாங்கி மாட்டிவைக்கும் பட்டயமல்ல, ஆயுள் முழுக்கக் காவல் வேண்டியது. எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்பதே முக்கியம் என்பதற்கு ஆண் குழந்தைகளிடம் இன்னொரு சான்று இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் அவர்களின் டெஸ்டோஸ்டிரோன் வெகுவாக உயர்கிறது, ஆனால் விந்தணு எதுவும் உருவாவதில்லை. அந்த ஹார்மோனின் கட்டளையைக் கேட்க வேண்டிய ஏற்பி அப்போது செர்டோலி செல்களில் இல்லை என்றே சொல்லலாம். அதற்கான மரபணு பிறகுதான் மெல்லச் செயல்படத் தொடங்குகிறது.

விதையையும் வயலையும் பிரித்துக் காட்ட முடியுமா என்று கேட்டால், 2000-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டர் குழு செய்த சோதனையைச் சொல்வேன். அவர்களிடம் இரண்டு வகை மலட்டு எலிகள் இருந்தன. ஒன்றில் விதை நல்லது. வயல்தான் ஒரு முக்கியப் புரதத்தைச் சரியாகத் தரவில்லை. மற்றதில் வயல் நல்லது; விந்தணுவாக வளர வேண்டிய விதைச் செல்லில் அதே புரதத்தின் ஏற்பி பழுது. முதல் எலியின் விதைச் செல்களை இரண்டாவதன் விரைக்குள் வைத்தார்கள். இரண்டு மலடு சேர்ந்து குட்டிகள் பிறந்தன.

எலி மனிதனல்ல என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் டிஎம்ஆர்டி1 இருக்கும் 9-ஆவது குரோமோசோமின் நுனி இழந்து பிறக்கும் எக்ஸ்ஒய் குழந்தைகள் சிலருக்கு விரைகள் சரியாக உருவாவதில்லை. காவல் மனிதனுக்கும் வேண்டியிருக்கிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒய் குரோமோசோமிலிருந்து வருகிறது. அதன் நீண்ட கையில் துண்டு விடுபட்டால் விந்தணு அற்றுப்போகலாம் என்று 1976-லேயே இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்குள்ள டாஸ் மரபணுக்கள் விதைச் செல்லில் வேலை செய்பவை. ஆகவே எல்லாப் பழியையும் வயலின் மேல் தூக்கிப்போடுவதும் பழைய தவறின் மறுபக்கமே.

1992-இல் பிரஸ்ஸல்ஸில் ஒரே விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெறச்செய்த பிறகு, இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அந்த ஒன்றாவது கிடைக்க வேண்டுமே! கிடைத்தாலும், ஒய் குரோமோசோமின் விடுபட்ட துண்டு அப்படியே மகனுக்குப் போய்ச் சேரும். விந்தணு அறவே இல்லாத ஒருவரின் விரைத் திசுவைச் சோதித்து, ‘செர்டோலி செல்கள் மட்டும்’ என்று அறிக்கை தருவது 1947-லிருந்து உள்ள வழக்கம். அந்தச் சொற்கள் வயல் வெறுமையாகக் கிடப்பதை மட்டுமே சொல்கின்றன. ஒய் குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட பகுதி முழுதாக விடுபட்டவருக்கும் அதே அறிக்கைதான், வயலில் கோளாறு உள்ளவருக்கும் அதே அறிக்கைதான். முதலாமவருக்கு விரையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைப்பதில்லை என்றே சொல்லலாம். மற்றவர்களில் சிலருக்கு, நுண்ணோக்கி வைத்துக் குழல் குழலாகத் தேடினால், ஏதோ ஒரு மூலையில் சில விந்தணுக்கள் விளைந்திருக்கும்.