மார்பு எக்ஸ்ரே: உழவர்கள் அறிய வேண்டியவை

நெற்பயிர் மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரித்துவிடக் கூடாது என்பதை நீங்கள் அறிவீர்கள். தழைச்சத்துக் குறைவு காரணமாகலாம். துங்ரோ நோயும் காரணமாகலாம். மார்பு எக்ஸ்ரே படமும் அப்படித்தான். நுரையீரலில் கோளாறு எங்கே உள்ளது என்று அது காட்டும். இன்ன நோய் என்று உறுதி செய்யப் பெரும்பாலும் வேறு சோதனையும் வேண்டும்.

படம் விழும் விதம்

இக்கதிரை 1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜென் கண்டுபிடித்தார். இது காற்றை எளிதில் ஊடுருவும். எலும்பு இதைப் பெரிதும் தடுக்கும். ஆகவே காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும், விலா எலும்பும் இதயமும் வெளுப்பாகவும் தெரியும். நுரையீரலில் காற்றுக்குப் பதில் சீழோ நீரோ சேர்ந்தால், அந்த இடமும் வெளுத்துத் தோன்றும்.

படம் எடுக்கும்போது கழுத்துச் சங்கிலி, தாயத்து ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். மூச்சை நன்றாக உள்ளிழுத்து, அடக்கி, அசையாமல் நில்லுங்கள். அரைகுறையாக இழுத்தால் நல்ல நுரையீரலும் நோயுற்றது போலத் தெரியக்கூடும். கர்ப்பிணிகள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவர் காண்பவை

1. காசநோய்: பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் வெண்திட்டு, சிலருக்குக் குழியும் இருக்கும்.
2. நிமோனியா: நுரையீரலின் ஒரு பகுதி சேர்ந்தாற்போல் வெளுத்திருக்கும்.
3. நெஞ்சில் நீர் கோத்தல்: அடிப்பகுதி வெளுத்து, விலாவோரம் மேல்நோக்கி வளைந்து தெரியும்.

ஆனால் என்றோ ஆறிய காசநோயின் தழும்பும், புற்றுநோயும்கூடத் திட்டாகத் தெரியலாம். பழைய படம் இருந்தால் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் திட்டு பழையதா, புதியதா என்பது புலப்படும்.

சளிச் சோதனை ஏன்?

போரூருக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடையிலுள்ள ஐயப்பன்தாங்கல் இன்று நகரோடு இணைந்துவிட்டது. அன்று அது செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். அம்மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மார்புப் படம் எடுத்தனர். படத்தில் கோளாறு தெரிந்தவர்களிடம் சளி வாங்கிக் கிருமி உண்டா என்று பார்த்தனர். முதலில் படம், பிறகு சளி என்னும் இம்முறை இன்றும் பயன்படுகிறது. இப்போதுள்ள மரபணுச் சோதனை, கிருமி இருப்பதையும், முக்கிய மருந்தாகிய ரிஃபாம்பிசின் அதற்குப் பலிக்குமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். எச்சிலைத் துப்பிக் கொடுப்பதால் பயனில்லை. காலையில் ஆழ இருமி வரும் சளியே தேவை.

எப்போது செல்ல வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றில் எது கண்டாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். காசநோய்ச் சோதனையும் மருந்தும் அங்கு இலவசம்.

படம் தெளிவாக இருந்தும் இருமல் நீடித்தால், உங்கள் வேலையை மருத்துவரிடம் சொல்லுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் வருவதுண்டு. தொடக்கத்தில் இது படத்தில் தெரியாமலும் போகலாம்.

அச்சம் வேண்டாம்

‘நோய் என்று சொல்லிவிட்டால் நிலத்தை யார் பார்ப்பது?’ என்று பலர் படமெடுக்கவே தயங்குகின்றனர். சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இதற்கு விடை கண்டது. வீட்டில் இருந்தே மருந்துண்டவர்களும், சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே ஏறக்குறைய நலமடைந்தனர் என்று 1959-இல் அம்மையம் அறிவித்தது. இன்று வழக்கமான காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். இருமல் நின்றுவிட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள். பாதியில் விட்ட கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும்.

பயிரில் நோய் தென்பட்ட அன்றே கவனிக்கும் நீங்கள், உங்கள் நெஞ்சையும் காலத்தில் கவனியுங்கள்.