முதற் பகலின் பாடம்

கற்பிப்போன் எவ்விடத்தில் நிறுத்துதல் வேண்டும் என்பதை அண்மையில் ஒரு விளையாட்டிடம் கற்றேன்.

சுவீடன் தேசத்தில் 2009ஆம் ஆண்டு தோன்றி, 2011இல் முழுமையுற்ற கணினி விளையாட்டு மைன்கிராஃப்ட். கனசதுரக் கட்டிகளாலாகிய பரந்த உலகில் ஆடுவோன் வெறுங்கையனாய் விடப்படுகின்றான். இன்னது செய்க எனப் பணிப்பார் ஆங்கு இலர். பகற்பொழுது பத்து நிமிடமே. இருள் சூழ்ந்ததும் நடைப்பிணங்களும் வில்லேந்திய எலும்புக்கூடுகளும் உலாவரும்.

விடுமுறையில் என் மூத்த மகன் தம்பிக்கு இதனைப் பயிற்றினான். மரத்தைக் கையாற் குத்துவித்தான். ஒரு குற்றியினின்று நான்கு பலகைகளும், அந்நான்கினால் ஒரு வேலைமேசையும் ஆக்குவித்தான். "காலடியை நேர்கீழாகத் தோண்டாதே, கீழே எரிகுழம்பு இருக்கலாம்" என்றான். பொழுது சாயவே, மலைச்சரிவைக் குடைந்து புகுந்து வாயிலை மண்ணால் அடைக்கச் சொல்லிவிட்டு எழுந்தான்.

"நீயே ஒரு வீடு கட்டிக் கொடுத்தாலென்ன?" என வினவினேன்.

"முன்னர் ஒரு நண்பனுக்குக் கட்டிக் கொடுத்தேன், ஐயா. மறுநாளே அவன் விளையாட்டை விட்டுவிட்டான்."

அச்சொல் என்னைச் சுட்டது. முப்பதாண்டுகளாகச் செய்யுள்தோறும் பதவுரை, பொழிப்புரை அனைத்தும் சொல்லி எழுதுவித்து வந்தேன். மாணாக்கர் பரீட்சையிற் சித்தியெய்தினர்; பின்னர் அந்நூல்களைத் தொட்டவர் மிகச் சிலரே.

விடுமுறை கழிந்ததும் ஒரு வெண்பாவைக் கரும்பலகையில் எழுதினேன். சீர் பிரித்தேன், அருஞ்சொல் இரண்டிற்கு மட்டும் பொருள் கூறி அமர்ந்தேன். நெடுநேரம் ஒருவரும் வாய்திறந்திலர். அம்மௌனத்தைப் பொறுத்தல் எனக்கு எளிதாயிருக்கவில்லை. ஈற்றில், கடைசி வாங்கிலிருந்த ஒருவன் எழுந்து பொருள் சொல்லத் தொடங்கினான்; பிழையாகவே தொடங்கினான். திருத்த எழுந்த நாவை அடக்கிக்கொண்டேன்.