விழாக்கால விளையாட்டும் அடியார் உள்ளமும்

சமயத் திருநாளன்று பொது இடத்தில் ஆடலும் நகையும் விரவிய நிகழ்ச்சிகள் நடைபெறுதல் சமயப் பற்றுடையார் உள்ளத்தைப் புண்படுத்துமோ என்பது இந்நாளில் பலகாலும் எழும் வினாவாகும். விளையாட்டே விழாவின் உயிர் என்பாரும், அது திருநாளின் தூய்மையைக் கெடுக்கும் என்பாரும் உளர். இதனைத் தமிழ் இலக்கண இலக்கியங்களின் துணைகொண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

முதற்கண் சொற்பொருளை வரையறுத்தல் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறினார். விளையாட்டையோ, செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு சேர்த்து உவகையின் நிலைக்களனாக வைத்தார். அவ்வுவகையையும் அல்லல் நீங்கியது என அடை கொடுத்தே ஓதினார். இனி, பிறரால் இகழப்பட்டு எளியனாதலாகிய இளிவு அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ஆகவே, விளையாடுதல் வேறு, எள்ளுதல் வேறு. முன்னது உவகை தருவது. பின்னது எள்ளப்பட்டார்க்கு அழுகை தருதலும் கூடும். இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதலே மயக்கத்திற்கு முதற் காரணம்.

விளையாட்டு வழிபாட்டிற்குப் புறம்பன்று என்பதற்குத் திருவரங்கம் சான்று பகரும். பங்குனி விழாவில் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு வீற்றிருந்து மீண்ட அரங்கநாதரை, உத்திரத்தன்று தாயார் உள்ளே புகவிடாது கதவடைப்பதாகவும், தாயார் பக்கத்தார் பூ முதலியவற்றை எறிவதாகவும், நம்மாழ்வார் இடைநின்று ஊடல் தீர்ப்பதாகவும் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுவர். மட்டையடி என்றும் பிரணய கலகம் என்றும் இதனை வழங்குவர். இறைவனே வாயிலில் தடையுண்டு நிற்கக் கண்டும் அடியார் சினப்பதில்லை, மகிழ்கின்றனர். என்னை? ஆடுவோரும் காண்போரும் ஒரே அன்பிற் பட்டவர். ஆட்டத்தின் எல்லையை இருசாராரும் அறிவர். அதன் முடிவும் சேர்த்தியே.

எனினும், ஒரு சமயத்தார்க்குள்ளேயும் இதுபற்றி மாறுபாடு எழுதல் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் கிறித்துமசை அடுத்த நாள்களில் கீழ்நிலைக் குருமார் தேவாலயத்துள்ளேயே கொண்டாடிய பேதையர் விழாவை 1435-இல் பாசெல் பேரவை கண்டித்தது. ஆடியவரும் தடுத்தவரும் ஒரே சமயத்தினர். ஆகலின், உளம் நோதல் அயலாரால் மட்டுமே நேர்வது எனல் பொருந்தாது.

இவ்வகையில் பரிபாடல் நமக்கு அரிய சான்றொன்று தருகின்றது. 1918-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட இந்நூலின் வையைப் பாடல்கள் பெரும்பாலும் களிப்பின் ஓவியமாகவே பாராட்டப்படுகின்றன. நல்லந்துவனார் பாடிய பதினோராம் பாட்டில் தைந்நீராடும் நோன்பும் நீர்விளையாட்டும் ஒரே ஆற்றில் நிகழ்தலைக் காண்கிறோம். அவரே பாடிய ஆறாம் பாட்டிலோ, நெய்யும் மலரும் மணச்சாந்தும் கலந்து வேறுபட்ட புனலைக் கண்டு அந்தணர் கலங்கி மருண்டனர் என்னும் செய்தி உளது. பரிபாடல் திரட்டின் இரண்டாம் பாட்டிலும், மைந்தரும் மகளிரும் தூவிய மணப்பொருளால் அந்தணர் ஆற்றில் தோயாமையும் வாய்பூசாமையும் கூறப்பட்டுள்ளன. விழாக்களிப்பினூடே கலங்கி நின்ற இவர்களை ஆராய்ச்சியாளர் பலரும் கடந்து செல்கின்றனர்.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆடினார் எவரும் அந்தணரை எள்ளினாரல்லர்; ஆயினும் அவர்தம் கடனுக்கு இடையூறு நேர்ந்தது. புலவர் ஆடினாரைப் பழித்ததுமில்லை, அந்தணரை நகைத்ததுமில்லை. இருசாரார் நிலையையும் உள்ளவாறே காட்டினார். எனவே, புண்படுதல் எள்ளலால் வருவதும் இடையூற்றால் வருவதும் என இருவகைப்படும்.

இன்றைய சட்டத்தில் இவற்றுள் முன்னதை நோக்கும் விதி ஒன்று உண்டு. 1927-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பெற்று, 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்கிதையின் 299-ஆம் பிரிவாக விளங்கும் விதி, சமய உணர்வைப் புண்படுத்த வேண்டுமென்றே தீய நோக்குடன் செய்யும் செயலையே குற்றமாகக் கொள்கின்றது. நோக்கமின்றி நேரும் இடையூறு அதன் எல்லைக்குள் அடங்காது.

ஆதலின், திருநாள் விளையாட்டைப் பொதுவாக விலக்குதலும் பொதுவாக ஏற்றலும் பொருந்தா. நகையின் இலக்கு யாது எனவும், வழிபடுவார்க்குரிய இடமும் காலமும் தடையின்றி உளவோ எனவும் வினவுதலே முறை. எள்ளல் ஆயின், ஆடுவோர் தவிர்தல் வேண்டும். இடையூறு ஆயின், துறையைப் பகுத்துக்கொள்ளுதலே போதும். ஆட்டத்தை நிறுத்த வேண்டுவதில்லை. வையை அகன்ற ஆறு. ஆடுவார்க்கொரு துறையும் வழிபடுவார்க்கொரு துறையும் அதன்கண் அமைதல் அரிதன்று.