சோம்பலா, சோர்வா?

படிவம் மூன்று வரை முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் படிவம் நான்கில் பின்வரிசைக்குப் போகிறான். வீட்டுப்பாடம் முடிவதில்லை. திங்கட்கிழமைகளில் பள்ளிக்கு வருவதில்லை. கேட்டால் தலைவலி என்கிறான். மேலும் கேட்டால் எரிந்து விழுகிறான். "பையனுக்குச் சோம்பல் வந்துவிட்டது, எல்லாம் கைப்பேசியால்தான்" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது நோயாகவும் இருக்கலாம் என்று எவரும் எண்ணுவதில்லை.

வருத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. தேர்வில் புள்ளிகள் குறைந்ததால் வரும் வருத்தம் சில நாள்களில் ஆறிவிடும். மனச்சோர்வோ இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் நீடிக்கும். பிடித்த விளையாட்டும் கசக்கும். தூக்கமும் பசியும் மாறும். 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம் வேரூன்றும். பதின்ம வயதினரிடம் அது அழுகையாக அன்றி எரிச்சலாகவும் வெளிப்படுவதுண்டு. அதனால்தான் பலர் அதனை ஒழுங்கீனமாகக் கருதிவிடுகின்றனர்.

2022ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே நடத்திய தேசிய ஆய்வில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. அதாவது, நால்வரில் ஒருவர். வினாநிரலில் அறிகுறி தெரிவது மருத்துவர் நோயென உறுதிப்படுத்துவதற்கு ஈடாகாது. எனினும், நாற்பது பேர் பயிலும் வகுப்பில் பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கையன்று.

இந்நோய் கல்வியை எவ்வாறு பாதிக்கிறது? அறிவு குறைந்துவிடுவதில்லை, அதைப் பயன்படுத்தும் ஆற்றலே குன்றுகிறது. ஒரே பக்கத்தை மும்முறை படித்தும் மனத்தில் பதிவதில்லை. இரவில் உறக்கம் வராதவன் காலை ஏழரை மணி வகுப்பில் எப்படி விழித்திருப்பான்? பிறகு விடுப்புகள் தொடங்குகின்றன. வரலாற்றுப் பாடத்தில் ஓர் அலகைத் தவறவிட்டால் பின்னர் படித்துக்கொள்ளலாம். கணிதம் அப்படியன்று, ஒரு படி தவறினால் அடுத்த படிக்கு ஏற முடியாது. பாடம் புரியாததால் சோர்வு கூடுகிறது. சோர்வு கூடுவதால் பாடம் மேலும் புரியாமற் போகிறது.

கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பதின்ம வயதில் மனச்சோர்வுற்றவர்கள் இடைநிலைக் கல்வியை முடிக்காமல் விடும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. ஆயினும், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1977இல் பிறந்த 1,265 குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு நம்மைச் சற்று நிதானிக்கச் செய்கிறது. பதினான்கு முதல் பதினாறு வயதுக்குள் மனச்சோர்வுற்றோர் கல்வியில் பின்தங்கியது உண்மைதான். ஆனால், குடும்பச் சூழல் முதலியவற்றையும் கணக்கில் கொண்டபோது அந்தத் தொடர்பின் பெரும்பகுதிக்கு அவையே விளக்கமாயின. சோர்வும் கல்விச் சரிவும் பல வேளைகளில் ஒரே மண்ணில் முளைக்கின்றன.

பேரா மாநிலத்தில் அந்த மண் எப்படிப்பட்டது? சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் பல ஈப்போ நகர்ப்புறங்களில் குடியேறின. தோட்ட வாழ்க்கை சொர்க்கமன்று. வறுமையும் மதுவும் அங்கும் இருந்தன. ஆனாலும், பிள்ளை இரண்டு நாள் வெளியே தலைகாட்டாவிட்டால் விசாரிக்கப் பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். அடுக்குமாடியில், அப்பா இரவுக் காவலுக்கும் அம்மா தொழிற்சாலைக்கும் போனபின், பூட்டிய கதவைத் தட்ட எவருமில்லை. சிறிய தமிழ்ப்பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் பெயர் சொல்லி அழைத்த பிள்ளை, ஆயிரம் பேர் பயிலும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். பயிற்றுமொழியும் மாறுகிறது, சிலருக்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிகிறது. சத்தமிடும் மாணவனைப் பள்ளி கவனித்துவிடும். சத்தமின்றி ஒதுங்குபவனைக் கவனிப்பது கடினம்.

வெட்கமும் ஒரு தடை. ஈப்போவுக்கு அருகில் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் மனநல மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி. ஆனால், அவ்வூரின் பெயரையே கேலிச் சொல்லாக்கிவிட்டோம். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பவா?" என்று விளையாட்டாகக் கேட்கும் வீட்டில், எந்தப் பிள்ளை தன் மனச்சோர்வைப் பற்றி வாய் திறப்பான்?

உண்மையில், மனச்சோர்வுற்ற மாணவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. ஆலோசனையும் உரையாடல்வழிச் சிகிச்சையும் பலருக்குப் பயன் தருகின்றன. தேவைப்பட்டால் மருத்துவர் மருந்தும் தருவார். முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரை நாடலாம். அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கும் செல்லலாம். சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவித் தொலைபேசி எண் 15555. எஸ்.பி.எம். தேர்வைத் தவறவிட்டவர்கள் தனியார் தேர்வராக மீண்டும் எழுத வழியுண்டு.

ஆலோசகரைப் பார்க்கும்போது, "புள்ளிகள் குறைந்துவிட்டன" என்பதோடு நிறுத்த வேண்டாம். தூக்கம் எப்போதிலிருந்து கெட்டது, மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, முன்பு பிடித்திருந்த எது இப்போது பிடிக்கவில்லை என்பவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்லலாம். பேச நா எழாவிட்டால் அந்தத் தாளையே நீட்டிவிடலாம்.