கோமுகி முதல் கடல் வரை – 14: கள்ளக்கடல்

கல்வராயன் மலையில் கரியாலூர் படகுக் குழாமை விட்டு இறங்கி, கோமுகி ஆற்றோடு நடந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்த்துவிட்டோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது போதும். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், மீனுக்கும் அலைச்சறுக்குக்கும் ஆள் ஏற்றும் படகின் ஒரு சீசன் வரவு செலவை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்குள் ஒரு அலை குறுக்கே வந்துவிட்டது.

விடியற்காலை ஐந்தரை மணி. ஃபைபர் படகை நான்கு பேர் தோள்கொடுத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை. படகுக்கார அண்ணன் முகப்பைக் கடலுக்கு நேராக நிறுத்திவிட்டுத் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்ணே நிக்கிறோம்?”

“பெருசு மூணு நாலு சேந்து வரும் தம்பி. போவட்டும். அப்புறம் கொஞ்சம் ஓயும், அதுல பூந்துடணும்.”

கரையில் நட்டிருந்த கொடி துவண்டு தொங்கியது. காற்றே இல்லை. ஆனால் ஆள் உயரத்துக்கு அலை எழும்பி உடைந்தது. கேட்டேன். “இது இங்கத்து அலை இல்ல. எங்கயோ அடிச்ச காத்து” என்றார்.

அந்த ‘எங்கயோ’ என்னைத் தூங்கவிடவில்லை. தேடிப் படித்ததில் தெரிந்தது: மே முதல் செப்டம்பர் வரை நம் கரைக்கு வரும் நீள அலைகளில் பெரும்பாலானவை அண்டார்டிகாவுக்கு வடக்கே, தென்கடல் புயல்களில் பிறந்தவை. இலங்கையைச் சுற்றி வளைந்து இங்கே வந்து சேர்கின்றன. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் 16 விநாடி இடைவெளி இருந்தால், அந்தக் கூட்டம் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் பஸ்ஸின் வேகம். 6,000 கிலோமீட்டருக்கு மேல், இரவு பகலாக, ஏறக்குறைய ஆறு நாள் பயணம். திங்கட்கிழமை கோவளத்தில் ஒரு பையன் பலகையில் ஏறி நிற்கும் அலை, முந்தைய செவ்வாய்க்கிழமை மனிதரே இல்லாத கடலில் கிளம்பியது.

இன்னும் ஒன்று. இடைவெளி கூடக் கூட வேகமும் கூடும். 20 விநாடி அலை 56 கிலோமீட்டரில் முந்திக்கொண்டு வரும். 12 விநாடி அலை 34 கிலோமீட்டரில் பின்தங்கும். அதனால் முதலில் வந்தவை, பின்னால் வந்தவை இரண்டின் அலை இடைவெளியையும், அவை வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தையும் அளந்தாலே புயல் எவ்வளவு தூரத்தில் அடித்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். வால்டர் மங்க் என்ற கடலியல் அறிஞர் 1963-ல் இப்படித்தான் தென்கடல் அலைகளை அலாஸ்கா வரை பின்தொடர்ந்தார்.

இந்த அலை அளவு மீறி வந்தால் அதற்குக் கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர் கள்ளக்கடல். வானம் தெளிந்திருக்கும், காற்று இருக்காது, திருடனைப்போலக் கடல் ஏறிவரும். 2012-ல் யுனெஸ்கோ அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்தில் உள்ள இன்காயிஸ் நிறுவனம் இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துப்போனதும் அப்படி எச்சரிக்கை இருந்த நாள்களில்தான். செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. பார்க்க அமைதியாக இருக்கும் தண்ணீரை நம்பக் கூடாது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல, கரையில் விவரம் தெரிந்த ஒரு மீனவர் நின்றிருக்க வேண்டும்.

கோவளத்தின் சிறப்பே அதுதான். மீனவர் மூர்த்தி மேகவன் 2012-ல் அருண் வாசுவோடு சேர்ந்து தொடங்கிய சர்ஃப் பள்ளியில், சொல்லித்தருபவர்கள் அந்த ஊர் மீனவப் பிள்ளைகள். கடல் தெரிந்தவன் கையில் பலகை இருக்கிறது.

அலை தணிந்தது. அண்ணன் எஞ்சினை முறுக்கினார். முகப்பு வானத்தைப் பார்த்துத் தூக்கி, தொப்பென்று விழுந்து, அலை உடையும் இடத்தைத் தாண்டினோம். வெளிக்கடலில் தூண்டிலைப் பின்னால் இழுக்கவிட்ட பிறகு கேட்டார்:

“உங்க ஊர்ல கடலே இல்லையே தம்பி, இதெல்லாம் ஏன் கேக்கறீங்க?”

கோமுகி அணையைச் சொன்னேன். கீழே காச்சிராயபாளையத்தில் வெயில் காயும்போதே அணையில் தண்ணீர் ஏறும். மழை கல்வராயனுக்கு மேலே பெய்திருக்கும். மலை கருத்தால் ஆற்றில் இறங்காதே என்று அம்மா அதட்டுவாள்.

“எத்தினி அடி அணை?”

“நாப்பத்தாறு. மழைக் காலத்துல நாப்பத்துநாலுலயே நிறுத்திடுவாங்க.”

“ஏன்?”

“மேல எப்போ கொட்டும்னு தெரியாதேண்ணே.”

தலையாட்டிவிட்டு அவர் மறுபடி தெற்கே பார்த்தார்.

டீசல் கணக்கும், ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் இந்தச் சிறு படகுகள் பிழைக்கும் விதமும் அடுத்த வாரம்.