கடைவீட்டு பாரும் தோட்டத்துக் கள்ளுக்கடையும்

அண்மைக் காலமாகக் கோலாலம்பூரின் பழைய கடைவீடுகள் பல சின்னஞ்சிறு மதுக்கூடங்களாக மாறி வருகின்றன. பெட்டாலிங் தெருவில் 150ஆம் எண் கட்டடத்தில் 2016இல் திறக்கப்பட்ட ‘பி.எஸ்.150’ அவற்றுள் பெயர் பெற்றது. வாசலில் நின்று பார்த்தால் பழைய பொம்மைக் கடை போலிருக்கும். பார் உள்ளே ஒளிந்திருக்கும். அதே வட்டாரத்தில், பத்துக் கடைவீடுகளைச் சீரமைத்து உருவான குவாய் சாய் ஹோங் சந்து 2019இல் திறக்கப்பட்டது. பழைமையைக் காப்பாற்றுகிறார்கள் என்று நண்பர்கள் பாராட்டுகிறார்கள். எனக்கும் அந்தச் சுவர்கள் பிடிக்கும். ஆனால் குடிக்கும் இடத்தின் பழைமை என்றால், அதில் நம்மவர் பங்கு எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன்.

கீழே கடை, மேலே குடும்பம் என்பதே கடைவீட்டின் அமைப்பு. முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு திறந்த முற்றம். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து அழித்தன. அதன்பின் 1884இல் சுவெட்டன்ஹாம் நிர்வாகம் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று விதித்தது. அந்தச் செங்கல்லுக்காகச் சூளைகள் எழுந்த இடம்தான் நம் பிரிக்பீல்ட்ஸ். ஐந்தடிப் பாதையோ அதற்கும் மூத்தது. ராபிள்ஸின் 1822ஆம் ஆண்டு சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் பிறந்தது.

இவ்வளவு கடைகள் எப்படிக் காலியாயின? 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவானது. 1999 இறுதியோடு கட்டுப்பாடும் முடிந்தது. வாடகை ஏற, பழைய குடியிருப்பாளர் பலர் வெளியேறினர். தையல்காரர் கட்ட முடியாத வாடகையைக் கலவை மது விற்பவர் கட்டுகிறார். விஷயம் அவ்வளவுதான்.

நம்மவர் பெரும்பாலோர் குடித்தது இந்தத் தெருக்களில் அல்ல, தோட்டத்தில். அதற்குக் கள்ளின் தன்மையும் ஒரு காரணம். தென்னம்பாளையைச் சீவிய உடனேயே பதநீர் காற்றிலுள்ள நுண்ணுயிரால் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பது மாலையில் கள். மறுநாள் காடிக்குப் பக்கம். புட்டியில் அடைத்துத் தூரம் அனுப்ப முடியாது. ஆகவே மரமும் கடையும் குடிப்பவரும் அருகருகே இருக்க வேண்டியிருந்தது. தோட்ட நிர்வாகமே உரிமம் பெற்றுக் கடை நடத்தியது. கூலி கொடுத்த கையே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எத்தனை வசதி!

சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் பிள்ளைகளை நிறுத்திவைப்பார்களாம். அப்பா உள்ளே நுழைவதற்குள் அரிசிக்குக் காசு வாங்கிவிட வேண்டும். பத்துமலைப் பக்கம் குடியேறுவதற்கு முன் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டியும் அப்படி நின்றவர். எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லமாட்டார்.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். மூன்றும் ஒரே பட்டியலில் இருந்தன. அவர்களை வழிநடத்திய ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. 1947இல் பீடோங்கில் அந்தப் போராட்டத்தின்போது போலீசார் தாக்கியதில் ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். குடிகாரச் சமூகம் என்று நம்மை எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

இக்கடைகளைச் சீரமைக்க யாரும் வரப்போவதில்லை. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நகரத்துக்கு வந்த ஏழைத் தொழிலாளி மலிவான சம்சுவை மளிகைக் கடையில் வாங்கினான். 2021இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் மளிகைக் கடைகளிலும் சீன மருந்துக் கடைகளிலும் கடுமையான மது விற்பதைத் தடைசெய்தது. பீரை மட்டும் மளிகைக் கடைகள் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை விற்கலாம். மதுக்கூடங்களுக்கு இந்தத் தடை கிடையாது.