பழைய வண்டிக் காட்சியும் காண வரும் சிறுவரும்

பழைய மோட்டார் வண்டிகளைச் செப்பனிட்டு ஓரிடத்தில் நிறுத்திப் பொதுஜனங்கள் காணச் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியுள்ளது. கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 2015-ம் ஆண்டில் இதற்கென ஜீடி கார் அருங்காட்சியகமே திறக்கப்பட்டது. விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸைக் கொண்டு தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடுவின் நினைவை அது தாங்கி நிற்கின்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்திற்கும் இவ்விஷயம் அன்னியமானதன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் மோட்டார் வண்டிகள் பெருமளவில் உற்பத்தியாகின்றன. ஆயினும், பாட்டனார் காலத்து டிராக்டரோ கூண்டு வண்டியோ கொட்டகையில் கிடந்து, பழைய இரும்பாகவும் விறகாகவும் விலைபோகின்றது. அது இயங்கிய விதம் வீட்டுச் சிறுவருக்கே தெரிவதில்லை. எனவே, கிராமத்திலோ பள்ளியிலோ இத்தகைய காட்சி நடத்துவது பிரயோஜனமுள்ள காரியமாகும். அதில் மோட்டார் வண்டிகளுடன் மாட்டு வண்டி, கலப்பை, கவலைச் சாமான் முதலியவற்றையும் வரிசையாக வைத்தல் நலம்.

நடத்துவோர் முதலில் கருத வேண்டியது சிறுவரின் பாதுகாப்பு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் தேர் வருகையில், வடம் பிடிப்போர் எத்தனை பேராயினும், சக்கரத்திற்கு முட்டுக்கட்டை போடுவோர் இன்றித் தேரை நகர்த்துவதில்லை. பழைய வண்டிக்கும் அதுவே விதி. அதன் கைப் பிரேக்கை நம்பலாகாது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பாட்டரி இணைப்பையும் கழற்றிவிடுதல் அவசியம். கைப்பிடி சுழற்றிக் கிளப்பும் என்ஜின் சில சமயம் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறிக்கும்; ஆகையால் பழகியவர் மட்டுமே அதைத் தொடலாம். என்ஜினை ஓட்டிக் காட்டுவதாயின், திறந்த வெளியில், கயிற்றுக்கு அப்பால் சிறுவரை நிறுத்திய பின்னரே ஓட்ட வேண்டும். மூடிய கொட்டகையில் அதன் புகை உயிருக்கே ஆபத்தாகும். அருகில் பீடி, சுருட்டு கூடாது.

எனினும், “தொடாதே” என்று அதட்டுவதையே வரவேற்பாகக் கொள்ளலாகாது. பெட்ரோல் வடித்த ஒரு வண்டியைச் சிறுவர் ஏறி அமர்வதற்கென்றே ஒதுக்கிவிடலாம். ரப்பர்க் குமிழ் ஹாரனை ஒரு முறை அமுக்கிப் பார்த்த குழந்தை அதனை எளிதில் மறவாது. வெயிலில் நின்ற இரும்பு கையைச் சுடுமாதலால் பந்தல் இன்றியமையாதது. பதினைந்து பேர் கொண்ட குழுக்களாக அனுப்பி, ஒவ்வொரு வண்டியின் அருகிலும் அதனை ஓட்டிய முதியவர் ஒருவரை விளக்கம் சொல்ல அமர்த்த வேண்டும். செய்யப்பட்ட ஆண்டையும் செய்த வேலையையும் பெரிய எழுத்தில் பலகையில் எழுதுக. குடிநீர், கழிப்பிடம், முதியோருக்கு நாற்காலி ஆகியவையும் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க சட்டம் ஒன்றுண்டு. 2021-ம் ஆண்டின் மத்திய விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத, சொந்த உபயோகத்திற்கான இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக் கட்டணம் ரூ. 20,000, பதிவு பத்தாண்டு செல்லும். அவற்றைக் காட்சிக்கும் அணிவகுப்பிற்கும் ஓட்டலாமேயன்றி, அன்றாடப் போக்குவரத்திற்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது.

பழைய இரும்பை விற்றுக் கிட்டும் பணம் சில நாளில் செலவாகும். அதே யந்திரத்தைக் கண்டு கேள்வி கேட்கக் கற்ற சிறுவனோ, நாளை நிலத்திற்கும் தொழிலுக்கும் பயன்படுவான்.